கடலுக்கடியில் கூர்மை எங்கே தொலைகிறது?

45 மெகாபிக்சல் கேமராவும் அருமையான லென்ஸும் கையில் இருந்தும் கடலுக்கடியில் எடுத்த படம் சோப்புத் தண்ணீரில் கழுவினாற்போல் வந்தால், கேமராவைக் குறை சொல்லாதீர்கள். லென்ஸுக்கும் மீனுக்கும் நடுவே நிற்கும் தண்ணீர்தான் கூர்மையைத் தின்கிறது. மிதக்கும் துகள்கள் ஒளியைச் சிதறடிக்கும். தண்ணீர் சிவப்பை விழுங்கும். ஐந்து மீட்டர் ஆழத்திலேயே சிவப்பில் பெரும்பகுதி போய்விடும். ஆகவே அகலக்கோண லென்ஸைப் போட்டு, ஒரு மீட்டருக்குள் நெருங்குங்கள். தள்ளி நின்று ஜூம் செய்தால் பெரிதாகத் தெரிவது கலங்கல் மட்டுமே.

கேமராவைத் தண்ணீர் புகாமல் மூடும் பெட்டிதான் ஹவுசிங்; அதில் லென்ஸுக்கு முன்னால் இருக்கும் ஒளிபுகும் முகப்புதான் போர்ட். அகலக்கோணத்துக்குக் குவிமாடம்போல் வளைந்த டோம் போர்ட் கட்டாயம். தட்டையான போர்ட்டில் ஒளிவிலகலால் காட்சிக்கோணம் சுருங்கும். ஓரங்களில் நிறம் பிரிந்து இழுபடும். டோம் அதைத் தீர்த்துவிட்டு இன்னொரு சிக்கலைக் கொண்டுவரும். டோமும் வெளியே உள்ள தண்ணீரும் சேர்ந்து ஒரு குழிலென்ஸாகிவிடுகின்றன. அதனால் எவ்வளவு தொலைவில் இருக்கும் பொருளானாலும் அதன் மாயபிம்பம் (லென்ஸ் உண்மையில் பார்க்கும் தோற்றம்) டோமின் மேற்பரப்பிலிருந்து ஆரத்தைப்போல் மூன்று மடங்கு தூரத்துக்குள்தான் விழும். ஆரம் 10 செ.மீ. என்றால் 30 செ.மீ. அவ்வளவு கிட்டத்தில் ஃபோகஸ் ஆகாத லென்ஸ், கரையில் எத்தனை கூர்மையாக இருந்தாலும் இங்கே உதவாது. லென்ஸ் வாங்குமுன் அதன் குறைந்தபட்ச ஃபோகஸ் தூரத்தைப் பாருங்கள்.

அந்த மாயபிம்பம் வளைந்தும் இருக்கும். நடுவில் ஃபோகஸ் சரியாக இருக்க, மூலைகள் குழைவது இதனால்தான். முழு ஃபிரேம் கேமராவில் எஃப்/11 வரை அபர்ச்சரைக் குறையுங்கள். சிறிய டோம் என்றால் எஃப்/13. மிக அகலமாகப் பார்க்கும் ஃபிஷ்ஐ லென்ஸுக்கு எஃப்/8 பெரும்பாலும் போதும். லென்ஸின் நுழைவுத்துளை டோமின் வளைவு மையத்தில் அமர வேண்டும். போர்ட்டுக்கும் ஹவுசிங்குக்கும் நடுவே பொருத்தும் எக்ஸ்டென்ஷன் ரிங் அதற்காகவே. ஹவுசிங் தயாரிப்பாளரின் போர்ட் அட்டவணையில் உங்கள் லென்ஸுக்கு என்ன நீளம் போட்டிருக்கிறதோ அதையே வாங்குங்கள். கைவசம் இருக்கும் ரிங்கை வைத்து ஒப்பேற்றினால் மூலைகள் பாழாகும். சின்னஞ்சிறு உயிர்களை நெருங்கி எடுக்கும் மேக்ரோவுக்குத் தட்டை போர்ட்டே நல்லது.

கடலடி ஃபிளாஷ்களான ஸ்ட்ரோப் இரண்டையும் டோமின் விளிம்புக்குப் பின்னால், பக்கவாட்டில் விரித்து, சற்றே வெளிநோக்கித் திருப்புங்கள். ஒளிக்கூம்பின் ஓரம் மட்டும் பொருளைத் தொட்டால் போதும். நேரே அடித்தால் இடையிலுள்ள துகள்கள் எல்லாம் வெள்ளைப் புள்ளிகளாகப் பளிச்சிடும். அவற்றை எடிட்டிங்கில் துடைப்பது வீண் உழைப்பு. பின்னணி நீலம் எவ்வளவு அடர்த்தி என்பதை ஷட்டர் தீர்மானிக்கும்: 1/125 முதல் கேமராவின் சிங்க் வேகம் (ஃபிளாஷோடு ஒத்துப்போகும் உச்ச ஷட்டர் வேகம்) வரை, பெரும்பாலும் 1/200 அல்லது 1/250. முன்னால் இருக்கும் பொருளின் வெளிச்சத்தை ஸ்ட்ரோப்பின் பவரில் சரிசெய்யுங்கள்.

வீடியோவில் கணக்கே வேறு. நொடிக்கு 25 ஃபிரேமுக்கு 1/50, 50 ஃபிரேமுக்கு 1/100 என்று ஷட்டர் கட்டுண்டு கிடக்கும். மேலோட்டமான ஆழத்தில் வெயிலோடு வீடியோ விளக்கு போட்டியிட முடியாது. அங்கே விளக்கை அணைத்துவிட்டு, சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து, சாம்பல் ஸ்லேட்டைக் காட்டி ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) எடுங்கள். சுமார் மூன்று மீட்டர் ஆழம் மாறும்போதெல்லாம் மறுபடியும் எடுக்க வேண்டும். 15 மீட்டரைத் தாண்டினால் சிவப்பு சேனலில் ஏற்றுவதற்கே ஒன்றும் மிஞ்சாது, இரைச்சல்தான் ஏறும். அங்கே நெருங்கி, விளக்கு போடுவதே வழி. சிவப்பு ஃபில்டரும் விளக்கும் ஒன்றாக வேண்டாம். விளக்கு படும் இடமெல்லாம் சிவந்துவிடும்.

10 பிட் லாக்கில் (பின்னால் நிறம் திருத்த இடம் வைக்கும் மங்கலான வீடியோ வடிவம்) பதிவு செய்யுங்கள். 8 பிட்டில் நீலத் தண்ணீரின் நிறமாற்றம் பட்டைபட்டையாக உடையும். நொடிக்கு 400 மெகாபிட் என்றால் நிமிடத்துக்கு 3 ஜிபி. தண்ணீருக்குள் கார்டு மாற்ற வழியில்லை என்பதால் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு இறங்குங்கள்.

விளக்குகளைத் தாங்கும் ஆர்ம்களில் மிதவை சேர்த்து, கையை விட்டால் மெல்ல மூழ்கும் அளவுக்கு எடையைச் சரிசெய்யுங்கள். கனமான ரிக்கைப் பிடித்திருக்கும் மணிக்கட்டு நடுங்கினால் 4கே அதை அப்படியே காட்டும்.

ஹவுசிங்கின் இணைப்பில் தண்ணீரை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கை விரலால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தப்பும் முடி விரலுக்குத் தப்பாது. கிரீஸ் பளபளப்பு தெரியும் அளவே போதும். அடைப்பது ரிங், கிரீஸ் அல்ல. அதிகமானால் மணலைப் பிடித்து வைக்கும். குளிர்ந்த, உலர்ந்த அறையில் சிலிக்கா ஜெல் போட்டு மூடினால் டோம் உள்ளே பனிக்காது. பிறகு வாக்யூம் பம்ப்பால் காற்றை இழுத்து அரை மணி நேரமாவது விடுங்கள். கசிவு பெரும்பாலும் முதல் ஓரிரு மீட்டரிலேயே நடக்கிறது, ஆழத்தில் அழுத்தமே ரிங்கை இறுக்கிவிடும். மேலே வந்ததும் உப்பு காயுமுன் நன்னீரில் அமிழ்த்தி, ஒவ்வொரு பட்டனையும் பலமுறை அழுத்துங்கள். உப்புப் படிகம் தங்கினால் பட்டனின் அச்சில் இருக்கும் சின்ன ஓ-ரிங் கிழியும். அதைப் பிரித்துப் பார்க்காமல் கண்டுபிடிக்க முடியாது.