சீனால இருந்து தோல் தைக்கிற மெஷின் ரெண்டு இறக்கின அனுபவம்

ஆம்பூர்ல சின்னதா ஒரு யூனிட் வச்சிருக்கேன், தோல் பையும் கேன்வாஸ் பையும் தைக்கிறோம், என்னையும் சேத்து ஆறு பேர். கொஞ்ச நாளைக்கு முன்னாடி சீனால இருந்து நேரா ரெண்டு மெஷின் இறக்கினேன். இந்த லைன்ல புதுசா வர்றவங்க நிறைய பேர் போன் பண்ணி கேக்கறாங்க, ஒவ்வொருத்தருக்கா சொல்றதுக்கு மொத்தமா எழுதி வச்சிடலாம்னு எழுதறேன்.

முதல்ல ஏன் மாத்தினேன்னா, எங்ககிட்ட இருந்தது சாதா சிங்கிள் நீடில் மெஷின். அதுல அடியில இருக்கற பல்லு மட்டும்தான் துணிய தள்ளும். டி-ஷர்ட்டுக்கு அது போதும். ஆனா கேன்வாஸ் பையில கைப்பிடி சேர்ற இடத்த பாருங்க, ரெண்டு மடிப்பு 18 அவுன்ஸ் கேன்வாஸ், அதுமேல மடிச்ச தோல் பட்டி, மொத்தம் 8 மில்லிக்கு மேல போயிடும். அடித்துணி நகருது, மேல இருக்கற தோலு, மேலருந்து அழுத்திப் பிடிக்கற ஃபுட்டுல ஒட்டிக்கிட்டு நகர மாட்டேங்குது, தைச்சு முடிக்கறப்ப மேல் பட்டி கால் இஞ்ச் நீட்டிக்கிட்டு நிக்கும். பிரிச்சு திரும்ப தைக்கலாம்னா தோல்ல ஓட்டை விழுந்தா விழுந்ததுதான், துணி மாதிரி மூடிக்காது. ஒரு ஆர்டர்ல 40 பை அப்படி தள்ளுபடி ஆச்சு, அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல.

இதுக்கு வேணும்கறது வாக்கிங் ஃபுட் மெஷின், அதுலயும் ஊசி, பல்லு, ஃபுட்டு மூணும் ஒண்ணா நகர்ற காம்பவுண்ட் ஃபீடு. இந்த சைஸ்ல எல்லாரும் அளவுகோலா வச்சுக்கறது ஜப்பான் ஜூக்கி 1541. சீனால அதே டிசைன்ல ஏகப்பட்ட கம்பெனி பண்றாங்க, மாடல் நம்பர்லயே 1541ங்கறது ஒட்டிக்கிட்டு வரும். ஜாக், ஜோஜே எல்லாம் ஜெஜியாங் மாகாணத்துல தாய்ஜோ பக்கம், டிப்பிக்கல் சியான்ல. பேரே இல்லாம வர்ற மெஷினும் உண்டு, நீங்க கேக்கற பேர ஒட்டி அனுப்புவாங்க.

நான் முதல்ல சென்னை நந்தம்பாக்கம் டிரேட் சென்டர்ல வருஷா வருஷம் நடக்கற லெதர் ஃபேருக்கு போனேன். அங்க மெஷின ஓட்டியே காட்டுவாங்க. ஆனா அவங்க தைச்சு காட்டறது அவங்க வச்சிருக்கற மெத்துன்னு இருக்கற தோல், வெண்ணெய்ல கத்தி போற மாதிரி ஊசி போகும். நான் ஒரு பையில என் தோலு, என் கேன்வாஸ், என் டிக்கெட் 20 பாண்டட் நைலான் நூலு (டிக்கெட்ங்கறது நூல் தடிமனுக்கு நம்பர், நம்பர் கொறைஞ்சா நூலு தடி) மூணையும் எடுத்துட்டு போய் "அண்ணே இதுல தைச்சு காட்டுங்க"ன்னு கேட்டேன். நாலு ஸ்டால்ல கேட்டேன், ரெண்டு பேர் தைச்சு காட்டினாங்க, ரெண்டு பேர் நூல மாத்தணும் ஊசிய மாத்தணும்னு இழுத்தாங்க. தைச்சு காட்டினதுலயும் ஒண்ணுல மட்டும்தான் மேடு ஏறுற இடத்துல தையல் சின்னதாகாம ஒரே அளவா வந்துச்சு. மெஷின பாக்கறதுனா தட்டையான இடத்துல தைக்கறத பாக்கவே பாக்காதீங்க, மேடு ஏறி இறங்கற இடத்த மட்டும் பாருங்க.

சரி அங்கயே வாங்கி இருக்கலாமேன்னு கேப்பீங்க. தட்டையான மேடை வச்ச ஃப்ளாட் பெட் மெஷின வாங்கி இருக்கலாம்தான். எனக்கு கூடவே ஒரு சிலிண்டர் பெட்டும் வேணும், பையோட பக்கவாட்டு பீஸ உருட்டி தைக்க குழாய் மாதிரி கை நீட்டிக்கிட்டு இருக்குமே அது, 1341 டைப்பு. நான் கேட்ட செட்டிங்ல, ஓரத்துல டேப்ப மடிச்சு தைக்கற பைண்டிங் அட்டாச்மெண்டோட, யார்கிட்டயும் ஸ்டாக் இல்ல, ஆர்டர் போட்டா மூணு மாசம்னாங்க. மூணு மாசம்னா நானே இறக்கிக்கறேன்னு முடிவு பண்ணேன்.

இம்போர்ட் லைசென்ஸ்னு பெருசா பயப்பட ஒண்ணும் இல்ல, ஐஇசி கோடு, அதாவது இறக்குமதி ஏற்றுமதி பண்றவங்களுக்கான நம்பர், டிஜிஎஃப்டிங்கற மத்திய அரசு வெளிநாட்டு வர்த்தக ஆபீஸ் சைட்ல 500 ரூபா கட்டினா கெடைக்கும், வருஷா வருஷம் ஏப்ரல்ல இருந்து ஜூனுக்குள்ள அதுல போய் அப்டேட் பண்ணணும், மறந்தா கோடு செயல்படாம போயிடும். பணம் அனுப்பறது பேங்க் வழியாதான், 30 சதவீதம் முன்பணம், சரக்கு ரெடியானதும் மீதி. முன்பணம் அனுப்பினதுக்கு, சரக்கு வந்ததுக்கான கஸ்டம்ஸ் பேப்பர் (பில் ஆஃப் என்ட்ரி) வந்து கணக்கு முடியற வரைக்கும் என்னைய பேங்க்காரங்க விடல, பேப்பர் எல்லாத்தையும் ஒரு ஃபைல்ல போட்டு வைங்க.

சப்ளையர்கிட்ட பேசினது எல்லாம் வீசாட்லதான், சீனாக்காரங்களோட வாட்ஸ்அப் மாதிரி. அவங்களுக்கும் என் தோல் துண்டு, கேன்வாஸ் துண்டு, நூலு எல்லாம் கூரியர்ல அனுப்பினேன். என் மெஷின் ரெண்டுலயும் அத தைச்சு, ஹெட்ல இருக்கற சீரியல் நம்பர் தெரியற மாதிரி கட் பண்ணாம வீடியோ எடுத்து அனுப்புங்க, அப்புறம்தான் மீதிப் பணம்னு சொன்னேன். அனுப்பினாங்க. முதல் வீடியோவுல அடித்தையல் லூசா இருந்துச்சு, சொன்னேன், சரி பண்ணி ரெண்டாவது வீடியோ வந்துச்சு. இந்த ஒண்ணுல மட்டும் நான் கெட்டியா நின்னேன், அதனாலதான் தப்பிச்சேன்.

நேரம் பாக்காம விட்டது ஒண்ணு உண்டு. ஜனவரில முன்பணம் கட்டினேன். சீனப் புத்தாண்டு லீவுன்னா அங்க ஃபேக்டரி ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, வாரக்கணக்குல மூடிடுவாங்க, வேலைக்காரங்க எல்லாம் ஊருக்கு போயிடுவாங்க, பதிலே வராது. எனக்கு பணம் போச்சோன்னு வயித்த கலக்கிடுச்சு. மார்ச்லதான் சரக்கு நிங்போ துறைமுகத்துல ஏறிச்சு. நீங்க வாங்கறதா இருந்தா தீபாவளி முடிஞ்ச கையோட ஆர்டர் போட்டுடுங்க.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன், காசு. ரெண்டு மெஷினுக்கு முழு கன்டெய்னர் எடுக்க முடியாது, அடுத்தவங்க சரக்கோட சேத்து எல்சிஎல்ல வரும். நிங்போல இருந்து சென்னைக்கு கப்பல் வாடகை ரொம்ப கம்மியா சொன்னாங்க, ஆஹான்னு ஒத்துக்கிட்டேன். சென்னை வந்து இறங்கினதுக்கு அப்புறம் வருது பில்லு: டெலிவரி ஆர்டர் சார்ஜ், சிஎஃப்எஸ் (கன்டெய்னர பிரிச்சு சரக்க வைக்கற குடோன்) சார்ஜ், ஹேண்டிலிங், டாக்குமெண்ட், அது இதுன்னு கப்பல் வாடகைய விட பல மடங்கு. சரக்க கப்பல்ல ஏத்தி அனுப்ப ஏற்பாடு பண்ற ஏஜெண்ட், அந்த ஃபார்வர்டர்கிட்ட முன்னாடியே கேட்டேன், "எல்லாம் நார்மல்தான் சார்"னு சொன்னாரே தவிர தொகை சொல்லல. சரக்கு ஏத்தறதுக்கு முன்னாடியே சென்னைப் பக்க செலவு மொத்தத்தையும் வரி வரியா எழுத்துல வாங்கிடுங்க. எழுத்துல தரமாட்டேன்னா வேற ஆள பாருங்க.

கஸ்டம்ஸ்ல தையல் மெஷின் 8452ங்கற தலைப்புல வரும். டியூட்டி, அந்த டியூட்டி தொகைல 10 சதவீதம் சோஷியல் வெல்ஃபேர் சர்சார்ஜ், அதுக்கும் மேல ஐஜிஎஸ்டி, அதாவது இறக்குமதிக்கு கட்டற ஜிஎஸ்டி. ஐஜிஎஸ்டிய திரும்ப எடுத்துக்கலாம், ஆனா பில் ஆஃப் என்ட்ரில உங்க ஜிஎஸ்டி நம்பர் சரியா இருக்கணும், சின்ன வியாபாரிகளுக்கான காம்போசிஷன் ஸ்கீம்ல இருக்கறவங்களுக்கு அது கிடையாது. மரப்பெட்டில வந்தா, மரத்துல பூச்சி இல்லாம ட்ரீட்மெண்ட் பண்ணதுக்கான முத்திரை மரத்துல குத்தி இருக்கணும், அதையும் போட்டோ அனுப்ப சொல்லுங்க. கூட்டி கழிச்சு பாத்தா, அங்க மெஷின் விலை 100 ரூபான்னா என் வாசல்ல இறங்கறப்ப 160 கிட்ட ஆச்சு, அப்புறம் ஐஜிஎஸ்டி கிரெடிட் வந்தது கொஞ்சம் கொறைஞ்சுது. ஃப்ளாட் பெட் ஒண்ணுதான் வேணும்னா நேரா இறக்காதீங்க, சென்னை பெரியமேட்டுல டீலர்கிட்டயே வாங்கிடுங்க, ஏதாச்சும்னா ஆளு வருவாரு. அஞ்சாறு மெஷின் சேந்து வாங்கறப்பதான் நேரா இறக்கறது கட்டும், இல்ல எனக்கு மாதிரி இங்க கெடைக்காததுக்கு.

மெஷின் வந்த அன்னிக்கு பெட்டிய பிரிச்சு, டேபிள் ஸ்டாண்டு மாட்டி, சர்வோ மோட்டார் கனெக்சன் குடுத்து (பிளக் மட்டும் வேற, வெட்டி நம்ம பிளக் போட்டோம், கரண்ட் நமக்கும் கிட்டத்தட்ட அதேதான்) ஓட்டினா ஃப்ளாட் பெட்ல ஒரு தையல் கூட விழல. நூலு மேல இருந்து போகுது, அடியில பிடிக்கவே இல்ல. எனக்கு கண்ணு கலங்கிடுச்சு. எங்க ஊர் மெக்கானிக் பாய் வந்தாரு, 30 வருஷமா ஷூ கம்பெனி மெஷின் பாக்கறவரு. மோட்டார ஆஃப் பண்ணிட்டு கையால வீல மெல்ல சுத்தினாரு, குனிஞ்சு அடியில சுத்தி நூல பிடிக்கற ஹூக்க பாத்தாரு, ஊசிய கழட்டி உள்ளங்கையில வச்சு "தம்பி, இது எந்த ஊசி?"ன்னாரு. எங்க டெய்லர் பழக்கத்துல எங்க பழைய மெஷினோட டிபிஎக்ஸ் 5 ஊசிய மாட்டி இருக்கான். இதுக்கு டிபிஎக்ஸ் 17, அது நீளம் ஜாஸ்தி. குட்டையான ஊசில நூல் வளையம் ஹூக் முனை வர்ற இடத்துக்கே எறங்காது.

ஊசிய மாத்தினதும் தையல் விழுந்துச்சு, ஆனா நடுநடுவுல விட்டு விட்டு. பாய் ஊசிக்கு அடியில இருக்கற தட்ட கழட்டி, ஊசியும் ஹூக்கும் சந்திக்கற டைமிங் பாத்தாரு: ஊசி அடிமட்டத்துக்கு போய்ட்டு 2 மில்லி போல மேல ஏறும்போது ஹூக் முனை ஊசி நடுவுல, காதுக்கு கொஞ்சம் மேல வரணும், எங்களுது லேட்டா வந்துச்சு. கப்பல்ல வர்ற குலுக்கல்ல நகர்ந்திருக்கும்னாரு. ஒரு ஸ்க்ரூ லூஸ் பண்ணி முடி அளவு திருப்பினாரு, அவ்ளோதான். அப்புறம் டிக்கெட் 20 நூலுக்கு 22ம் நம்பர் ஊசி போட சொன்னாரு, 18ம் நம்பர் டிக்கெட் 40க்குதான். தோலுக்கு மட்டும்னா வெட்டு முனை வச்ச டிபிஎக்ஸ் 16, கேன்வாஸும் கலந்து வந்தா உருண்டை முனை 17. கேன்வாஸ்ல வெட்டு முனை போட்டா இழைய அறுத்துடும்.

சர்வோ பத்தி ஒரு வார்த்தை. பழைய கிளட்ச் மோட்டார் கால் வச்சதும் பறக்கும், மூலையில திருப்பறப்ப பயமா இருக்கும். சர்வோல வேகத்த குறைச்சு வச்சுட்டா ஒவ்வொரு தையலா எண்ணி தைக்கலாம், ஊசி தோலுக்குள்ள நின்ன நெலையிலேயே நிக்கும், திருப்பிக்கலாம். எங்க பசங்க ரெண்டு நாள்ல பழகிட்டாங்க.

இப்ப ஆறு மாசமா ஓடுது. சிலிண்டர் பெட்ல பைண்டிங் அட்டாச்மெண்ட் மட்டும் நம்ம டேப் அகலத்துக்கு ஒத்து வரல, பாய் தகரத்துல ஒண்ணு மடிச்சு பண்ணி குடுத்தாரு, அதுதான் ஓடுது. கூடவே வாங்கி வச்ச ஸ்பேர்ல ஹூக் ஒண்ணு, பாபின் கேஸ் ரெண்டு, ஃபுட்டு செட்டு இன்னும் பிரிக்கல. ஊசி மட்டும் மாசத்துக்கு ரெண்டு பாக்கெட் போகுது, அது இங்கயே கெடைக்குது.