பொட்டு அழிந்த கேட்டலினா

ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு என்று எங்கள் வேலூரைக் கிண்டல் செய்வார்கள். அப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு, தண்ணீரில் இறங்குகிற விமானத்தின் பிளாஸ்டிக் மாடல் ஒன்றை மூன்று மாதமாக ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.

கேட்டலினா. இரண்டாம் உலகப் போரில் கடலைக் கண்காணிக்கப் பறந்தது, அமெரிக்கத் தயாரிப்பு, வயிறே படகு. நிஜத்தில் இறக்கை 104 அடி. என்னிடம் இருப்பது 72-ல் ஒரு பங்கு, அதாவது 44 சென்டிமீட்டர். சத்துவாச்சாரியில் மோட்டார் காயில் கட்டும் கடை எனக்கு. மதியம் கரண்ட் போனால் மாடல் பெட்டியைத் திறந்துவிடுவேன்.

பெட்டியில் வந்தது சக்கரம் வைத்த ரகம். எனக்கு வேண்டியதோ புழல் ஏரியில் மிதந்த ரகம். ஆமாம், சென்னைக்குக் குடிநீர் தரும் அதே புழல்தான். போர்க்காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படையின் 240-ஆம் ஸ்குவாட்ரன் அங்கிருந்துதான் கேட்டலினாக்களைப் பறக்கவிட்டது. அதனால் பக்கவாட்டில் இருந்த சக்கரக் குழி இரண்டையும் பிளாஸ்டிக் துண்டு வைத்து, எம்-சீல் அப்பி அடைத்தேன். நம்மூர் வெயிலில் தேய்க்க உட்காருவதற்குள் கல்லாகிவிட்டது. உப்புத்தாளோடு இரண்டு ஞாயிற்றுக்கிழமை போச்சு.

அடிவயிற்றில் ஒரு படி மாதிரி வெட்டு இருக்கும். தேய்க்கிற வேகத்தில் அதையும் மழுக்கிவிடப் பார்த்தேன். நல்லவேளை, கை நின்றது. வேகமெடுக்கும்போது தண்ணீர் வயிற்றைப் பிடித்து இழுக்கும். அந்தப் பிடியை விடுவிப்பது அந்தப் படிதான். அது இல்லாவிட்டால் ஏரியை விட்டு எழும்பவே பாடுபட வேண்டும்.

சொதப்பியது வேறு இடத்தில். உடம்பின் இரண்டு பக்கமும் தவளைக் கண் மாதிரி கண்ணாடிக் குமிழ்கள் பிதுங்கியிருக்கும். துப்பாக்கிக்காரர்கள் உட்காரும் இடம். அவசரப்பட்டு அதில் சூப்பர் க்ளூ வைத்தேன். காலையில் பார்த்தால் குமிழ் முழுக்க வெள்ளை பூத்து, கண்ணில் புரை விழுந்த மாதிரி இருந்தது. பற்பசையைப் பழைய பனியன் துணியில் தொட்டு ஒரு மணி நேரம் தேய்த்ததில் பாதி தெளிந்தது. மீதியை உள்ளே உப்புக்காற்று என்று சொல்லிச் சமாளித்துக்கொள்கிறேன்.

ஆனால் ரேடியோ ஏரியல் கம்பியில் எனக்கு நிகர் யாரும் இல்லை! 44-ஆம் கேஜ் செம்புக் கம்பி, முடியைவிடக் கொஞ்சம்தான் தடிமன். கடையில் கீழே விழுந்து கிடந்த துண்டே போதுமாக இருந்தது.

இந்த விமானம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததற்குக் காரணம் உண்டு. 1942 ஏப்ரல் 4-ஆம் தேதி, இலங்கையின் கொக்கலையிலிருந்து போன ஒரு கேட்டலினா, ஜப்பானியக் கப்பல் படை வருவதைப் பார்த்துவிட்டது. ஓட்டியவர் கனடாக்காரர், பிர்ச்சால். தகவல் அனுப்பிக்கொண்டிருக்கும்போதே சுட்டு வீழ்த்தினார்கள்; பிழைத்தவர்கள் கைதியானார்கள். மறுநாள் கொழும்பில் குண்டு விழுந்தது, அதற்கு மறுநாள் விசாகப்பட்டினத்தில். அடுத்தது நாம்தான் என்று சென்னையே மூட்டை கட்டியது. அப்படி ரயிலேறிக் காட்பாடியில் இறங்கியவர்களில் என் பாட்டியும் ஒருத்தி. கையில் ஒரு அண்டா, ஒரு தையல் மிஷின், இடுப்பில் பெரிய மாமா. இரண்டு வாரத்தில் திரும்பிவிடலாம் என்று வந்தவர்கள் இங்கேயே தங்கிவிட்டார்கள். அம்மா பிறந்தது இந்த ஊரில்தான்.

அந்த அம்மாதான் போன வாரம் கேட்டாள். ஸ்டிக்கரில் வந்த பிரிட்டிஷ் விமானப்படை அடையாள வட்டத்தின் நடுவில் சிவப்பு இருந்தது. அதன்மேல் வெளிர்நீலம் பூசிக்கொண்டிருந்தேன்.

“ஏன்டா, லட்சணமா இருந்த பொட்டை அழிக்கிற?”

ஜப்பான் விமானத்துக்கும் சிவப்பு வட்டம்தான் அடையாளம், குழம்பிப்போய் நம் ஆளே நம்மைச் சுட்டுவிடக்கூடாது என்று இந்தப் பக்கத்து விமானங்களில் சிவப்பை எடுத்துவிட்டார்கள் என்றேன். அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு விமானத்தை இன்னும் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். “அதுக்குன்னு ரெண்டு பக்கமுமா?” என்றாள்.

இறக்கைக்கு அடியில் வரும் இடது மிதவையை இன்னும் ஒட்டவில்லை. நேற்று போர்வெல் மோட்டார் கொண்டுவந்த அணைக்கட்டு ஊர்க்கார விவசாயி ஒருவர் விமானத்தைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுக்கு எத்தனை எச்பி சார்?” என்றார். ஒரு இன்ஜினுக்கு 1200, இரண்டு இன்ஜின் என்றேன். அவருடைய மோட்டார் ஏழரை.