புகையிலையோடு பிடிபட்டான் என்று டி.சி.யைக் கொடுத்து அனுப்பினால் பையன் எங்கே போவான்?

நெல்லை, தென்காசி மாவட்டங்களில் முக்கூடல், ஆலங்குளம் பக்கம் எத்தனையோ வீடுகளில் அம்மாவும் ஆச்சியும் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றித்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். தூள் வாசத்திலேயே வளர்ந்த பையனிடம் "புகையிலை கெட்டதுலே" என்று பிரேயரில் மைக் பிடித்துச் சொன்னால் காதில் ஏறாது. தனியாக உட்கார வைத்து, அவன் வீட்டுக் கஷ்டத்தைக் கேட்டுவிட்டுத்தான் பேச முடியும். அதற்குத்தான் பள்ளிக்கூடத்திலேயே ஒரு ஆலோசகர் வேண்டும் என்கிறேன்.

சட்டம் இருக்கிறது. 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி பள்ளியைச் சுற்றி 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது, 18 வயதுக்குக் கீழே யாருக்கும் விற்கக் கூடாது. சரி, கடையை மூடியாச்சு. பிள்ளை ஏன் தேடிப் போனான் என்று சட்டம் கேட்காது. அப்பாவின் குடி, தலையில் ஏறாத கணக்கு, கூட்டாளிகள் முன்னால் பயந்தாங்கொள்ளி ஆகிவிடக் கூடாது என்ற வீம்பு... இதையெல்லாம் கேட்க ஆள் வேண்டும். கேட்டதை ஊர் முழுக்கப் போட்டு உடைக்காத ஆள். "வேண்டாம்லே" என்று நண்பனிடம் முகம் முறியாமல் சொல்வதையும் பழக்கித்தான் கொடுக்க வேண்டும், அதுவும் ஏழாம் எட்டாம் வகுப்பிலேயே.

பையில் பொட்டலம் பிடிபட்டதும் டி.சி.யை நீட்டுகிறார்களே, அதைத்தான் மனசு ஏற்கவே மாட்டேன் என்கிறது. விற்கிறவன் கையிலேயே பிள்ளையைக் கொண்டுபோய் விடுகிற வேலை அது.

மக்கா, அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஆலோசகர் வேண்டும் என்று எழுந்து கேளுங்கள். அப்புறம், குழந்தைகள் உதவி எண் 1098, மனநல ஆலோசனைக்கு 14416. இரண்டுமே இலவசம். பள்ளிச் சுவரில் பெரிதாக எழுதிப் போடச் சொல்லுங்கள்.