கூகைக்கட்டு

மரவேலை மாஸ்ரர் காலமான செய்தி வந்த இரவு, கராச்சுக்குள் நின்று ஒரு படத்தைப் பலகையில் ஒட்டிக்கொண்டிருந்தேன். கதை கட்டுகிறேன் என்று நினைக்கவேண்டாம். ஓய்வு பெற்ற நாளிலிருந்து பேரப்பிள்ளைகள் துண்டு பொருத்தி விளையாட ஜிக்சோப் படம் அறுப்பதுதான் என் வேலை. 'ஆசானுக்கு ஓர் அஞ்சலி' என்று மலர்க்குழு தலைப்பும் தந்திருந்தது. மாஸ்ரர் கேட்டால் சிரிப்பார். மாற்றிவிட்டேன்.

எங்களுக்கு அவர் 'வச்சிரம்'. வெந்நீர்ச் சட்டிக்குள் இன்னொரு சட்டி வைத்து அவர் காய்ச்சும் வச்சிரப் பசையின் நாற்றம் சாப்பாட்டு மணி அடித்த பிறகும் எங்கள் சட்டையை விட்டுப் போகாது.

1977. பழைய தேயிலைப் பெட்டியைக் கழற்றி எடுத்த ஒட்டுப்பலகையில் ஆளுக்கொரு படம் ஒட்டி அறுக்கவேண்டும். மற்றவர்கள் கலண்டர்ப் பிள்ளையாரோடு வந்தார்கள். நான் அண்ணாவின் வகுப்புக் குறூப் போட்டோவைக் கொண்டுபோனேன். ஸ்ரூடியோக்காரர் தடித்த மட்டையில் ஒட்டிக் கீழே பெயரெல்லாம் அச்சடித்துக் கொடுத்தது.

"மட்டையைக் கழட்டிப்போட்டு ஒட்டு. இல்லாட்டிப் பிளக்கும்" என்றார். கழற்றினால் பெயர்கள் போய்விடுமே! கேட்கவில்லை. பசையையும் ஓரங்களில் தாராளமாகப் பூசி நடுவில் மிச்சம் பிடித்தேன்.

மறுநாள் பார்த்தால் நடுக்கதிரையில் இருந்த உபஅதிபரின் இடது கன்னம் வீங்கியிருந்தது. பெருவிரலால் அமத்தினேன். வீக்கம் வலது கன்னத்துக்குப் போனது. சரி, அறுத்தால் தெரியாது என்று வாளை வைத்தேன். பலகை ஒழுங்காகத்தான் அறுபட்டது. ஆனால் ஒவ்வொரு துண்டின் குமிழிலும் மட்டை வெங்காயத் தோல்போல இரண்டாய்ப் பிரிந்து, முகங்களோடு மேலே கிளம்பியது. பசை விடவில்லை, மட்டைதான் தன்னைத்தானே விட்டுவிட்டது.

மாஸ்ரர் அதைத் தூக்கி வகுப்புக்குக் காட்டினார். "உபஅதிபருக்குக் கூகைக்கட்டு. வைத்தியம் பாத்தது இவர்." சிரிப்பு அடங்கவும், "கொண்டுபோய் அவரிட்டைக் காட்டிப்போட்டு வா" என்றார்.

போனேன். உபஅதிபர் கனநேரம் பார்த்தார். பிறகு தன் கன்னத்தை ஒருமுறை தடவிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அடித்திருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். போன வருட ஒன்றுகூடலில்கூட, பெரிய வைத்திய நிபுணர் ஒருவர் என் மனைவிக்கு முன்னால் "டேய் கூகைக்கட்டு!" என்று கட்டிப்பிடித்தார்.

அடுத்த கிழமை பள்ளி விட்டபின் மாஸ்ரர் என்னை மறித்து வேறொரு படத்தை எடுத்தார். மட்டையை நனைத்து உரித்தார். பசையை மெல்லிசாகப் பூசி, நடுவிலிருந்து ஓரத்துக்குப் போத்தலை உருட்டினார். பிறகு பலகையைத் திருப்பி, என் தவணைப் பரீட்சைத் தாளைப் பின்பக்கம் ஒட்டினார், 31 புள்ளி வடிவாகத் தெரிய.

"ஈரத்திலை தாள் நீளும், காயச் சுருங்கும். ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் பலகை வளையும். மற்றப் பக்கமும் இழுக்கோணும்."

நன்றி சொன்னதாக ஞாபகமில்லை. 1984 இல் வெளிக்கிட்டபோது சொல்லிக்கொண்டும் வரவில்லை.

நான் வந்து ஒதுங்கிய லண்டனில்தான் 1760களில் ஜோன் ஸ்பில்ஸ்பரி என்பவர் நாட்டுப்படங்களைப் பலகையில் ஒட்டி எல்லைவழியே அறுத்து விற்றிருக்கிறார். அதை மாஸ்ரருக்குச் சொல்லவேண்டும் என்று 2011 இல் ஊருக்குப் போனேன். அண்ணா வைத்திருந்த அதே குறூப் போட்டோவைப் பிரதி எடுத்து, பின்பக்கமும் தாள் ஒட்டி, அறுக்காமல் கொண்டுபோனேன்.

கண் பார்வை போயிருந்தது. பலகையை வாங்கினார். படப்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் பெருவிரலால் தடவினார். விறாந்தைச் சீமெந்தில் வைத்து ஒரு மூலையை அமத்தினார். டக் என்றது.

"எத்தினை நாள் பாரம் வைச்சனி?"

"ஒரு இரவு, சேர்."

"காணாது."

ஸ்பில்ஸ்பரியைப் பற்றி நான் தொடங்குவதற்குள், "எப்ப பயணம்?" என்று கேட்டார்.

"நாளைக்கு, சேர்."