உறைந்த தேங்காயெண்ணெய்

இன்று காலை தேங்காயெண்ணெய்க் குப்பியைத் தலைகீழாகக் கவிழ்த்தும் ஒரு சொட்டுக்கூட விழவில்லை.

நான்காம் வகுப்பில் படிக்கும் மகள் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “எண்ணெய் கெட்டுப்போயிடுச்சாப்பா?” என்று கேட்டாள்.

கெடவில்லை. ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் அது திண்மமாகிவிடும். மார்கழிக் காலைக்கு அந்தக் குளிர் போதும்.

அவள் கவனித்தது வேறொன்று. வெண்மையாக இறுகியிருந்த எண்ணெயின் நடுவே, விரல் நுனி பதிந்ததுபோல ஒரு சிறு குழி இருந்தது. உறையும்போது தேங்காயெண்ணெய் சுருங்குகிறது; ஓரம் முதலில் இறுகிவிடுவதால் கடைசியாக உறையும் நடுப்பகுதி தாழ்ந்துவிடுகிறது. தண்ணீரோ உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரிகிறது. அதனால்தான் பனிக்கட்டி தண்ணீரில் மிதக்கிறது, உறைந்த எண்ணெயோ உருகிய எண்ணெய்க்குள் மூழ்குகிறது.

வெந்நீரில் வைத்ததும் எண்ணெய் உருகியது. “பழையபடி ஆயிடுச்சு, அப்ப இது இயற்பியல் மாற்றம்” என்றாள்.

விடை சரிதான். ஆனால் ‘பழைய நிலைக்குத் திரும்பினால் இயற்பியல் மாற்றம், திரும்பாவிட்டால் வேதியியல் மாற்றம்’ என்று மனப்பாடம் செய்யவைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அரைத்த மாவு மீண்டும் அரிசியாவதில்லை, ஆயினும் அரைப்பது இயற்பியல் மாற்றமே. அதே மாவு இரவில் புளிக்கும்போதுதான் அமிலமும் வாயுவுமாகப் புதிய பொருள்கள் உண்டாகின்றன. புதிய பொருள் பிறந்ததா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

இப்போது அவள் அடுக்களையில் மாவுப் பாத்திரத்தைத் திறந்து, குமிழிகளை எண்ணிக்கொண்டிருக்கிறாள்.