மாசி மகத்தில் கன்னியம்மா சொன்ன வாக்கு

போன மழைக்காலத்தில் மேடவாக்கத்து வீட்டுக் கொல்லையில் சின்னவனைக் கண்ணாடி விரியன் கடித்த இரவே, அத்தை மஞ்சள் துணியில் காசு முடிந்து கன்னியம்மாவுக்கு நேர்ந்துகொண்டார். எங்கள் குலதெய்வம் வேறு. ஆனால் பிள்ளைக்கு ஏற்றிய விஷமுறிவு மருந்துக்கு மூலமான விஷத்தைப் பெரும்பாலும் எடுத்துக் கொடுப்பவர்கள் பாம்பு பிடிக்கும் பழங்குடிகளான இருளர்கள். அவர்கள் தெய்வமான கன்னியம்மாவுக்கு நன்றி சொல்லாமல் எப்படி?

மாசி மகத்துக்கு இருளர்கள் கன்னியம்மாவைக் கும்பிடக் கூடுவது மாமல்லபுரம் கடற்கரையில். முதல் நாளே அடையாற்றில் பஸ் ஏறி, மாமல்லபுரம் வரை நின்றுகொண்டே போனோம். வடநெம்மேலி வந்ததும் அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அங்கேதான் இருக்கிறது. இறங்கினால், கடற்கரைக்கு ஆட்டோ மூன்று மடங்கு கேட்கிறது. நடந்தோம். மணலெங்கும் புடவையாலும் தார்ப்பாயாலும் கட்டிய கூடாரங்கள்.

விடியலில் ஈர மணலைக் குவித்து ஏழு படி எழுப்பி, மஞ்சள் குங்குமம் தெளித்து, வேப்பிலை செருகினார்கள். கோபித்துக்கொண்டு கடலுக்குள் போன தாயைப் பூசாரி அழைக்கத் தொடங்கினார். முதலில் கெஞ்சல். பிறகு உரிமையோடு திட்டு: “பிள்ளைகள் காத்துக் கிடக்கிறோம், உனக்குத் தண்ணீரில் என்னடி வேலை?” அதே வரி திரும்பத் திரும்ப வந்தது, மூச்சுக் குறுகக் குறுகச் சொற்கள் உதிர்ந்து, கடைசியில் “வா, வா” மட்டும் மிஞ்சியது. மஞ்சள் புடவை சுற்றியிருந்த அவர் தோள் உதறியது. “வந்தது யார்? சத்தியம் காட்டு” என்றார் பக்கத்துப் பெரியவர். உள்ளங்கையில் கற்பூரம் எரிந்து முடியும்வரை அந்தக் கை அசையவில்லை.

அந்த நேரத்திலும் கேமராவோடு படிவரை வந்து, செருப்புக்காலால் மஞ்சளை மிதித்தவர்களை என்ன சொல்வது? தாயை அழைக்கிற இடத்தில் இப்படியா நுழைவார்கள்?

அத்தை முடிச்சை அவிழ்ப்பதற்குள், பூசாரி மேல் வந்திருந்த அம்மா எங்கள் பக்கம் திரும்பிவிட்டாள். குனிந்து சின்னவனின் இடது கணுக்காலைப் பிடித்தாள். அவன் முழுக்கால் சட்டை போட்டிருந்தான். நாங்கள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. “என் வீட்டு விஷம். வாங்கிக்கொண்டேன். ஓடு” என்றாள்.

அப்புறம் நடந்ததை வரிசையாகச் சொல்ல எனக்கு வரவில்லை. மணலிலேயே கல்யாணங்கள் நடந்தன, யாரோ எங்களுக்குப் பொரி கொடுத்தார்கள், அத்தை அழுதுகொண்டே இருந்தார். தாயே, முகம் தெரியாத எந்த இருளர் அண்ணன் புற்றுக்குள் கைவிட்டு அந்த மருந்துக்கான பாம்பைப் பிடித்தாரோ, அவர் குடும்பத்தைக் குறையில்லாமல் வைத்திரு. அடுத்த மாசி மகத்துக்கு நாத்தனார் குழந்தையையும் தூக்கிக்கொண்டு வருகிறோம்.