மானிடவியல் விருப்பப்பாடம்: பரிமாற்றத்தை ஒரே தீவுக்கூட்டத்தில் படியுங்கள்

குடிமைப்பணி முதன்மைத் தேர்வுக்கு மானிடவியல் எடுப்பவர்கள், முதல் தாளில் வரும் பொருளாதார அமைப்பைச் சின்னப் பகுதிதானே என்று கடைசிக்குத் தள்ளிவிடுவதுண்டு. கையில் கிடைக்கும் குறிப்புகளும் அதற்கு ஏற்றாற்போலவே இருக்கின்றன: கைம்மாறு, மறுபங்கீடு, சந்தை என்று பொருளாதார வரலாற்றாளர் கார்ல் போலானியின் மூன்று தலைப்புகள், தலைப்புக்கு ஒரு சமூகம். வரையறை மனப்பாடமாகும், 20 மதிப்பெண் வினாவுக்கு எழுதச் சரக்கு இருக்காது.

நான் டிரோபிரியாண்ட் தீவுகளை மட்டும் முழுதாகப் படித்தேன். பாப்புவா நியூ கினியின் கிழக்குப் பகுதியில் உள்ள இங்கேதான் மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி 1915க்கும் 1918க்கும் இடையில் இருமுறை தங்கி ஆராய்ந்தார். வள்ளிக்கிழங்கு அறுவடையில் நல்ல பங்கை ஆண் தன் சகோதரியின் கணவன் வீட்டுக்கு அனுப்புகிறான், அது உரிகுபு. பிள்ளைகள் தாயின் குலத்தைச் சேரும் தாய்வழிச் சமூகம் என்பதை மறக்காதீர்கள், காரணம் தானே விளங்கும். தலைவனுக்கு மனைவியர் பலர். அவர்களுடைய சகோதரர்கள் அனுப்பும் கிழங்கெல்லாம் அவன் களஞ்சியத்தில் குவிந்து, விருந்தாகவும் படகு கட்டுவோருக்கு உணவாகவும் வெளியே போகிறது. மறுபங்கீட்டுக்கு வேறு உதாரணம் எதற்கு? கடலோர ஊரார் நிலையான கூட்டாளிகளுக்கு மீன் கொடுத்துக் கிழங்கு பெறுவது வாசி. பேரம் பேசி மாற்றிக்கொள்வது கிம்வாலி.

இவற்றோடுதான் கூலா, அதாவது சிப்பி அணிகலன்கள் தீவு தீவாக வட்டமாகக் கைமாறும் சடங்குப் பரிமாற்றம். அதில் ஒருவன் அற்பக் கணக்குப் பார்த்தால், கூலாவைக் கிம்வாலி போல நடத்துகிறான் என்று ஏசுவார்கள். விடையில் இதை அவசியம் எழுதுங்கள். பேரம் தெரியாததால் அவர்கள் பரிசு கொடுக்கவில்லை. எங்கே பேரம் பேசலாம், எங்கே கூடாது என்பது அவர்களுக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. வரைபடமும் போடுங்கள்: சிவப்புச் சிப்பி மாலை வலஞ்சுழி, வெண்சங்குக் கைவளை இடஞ்சுழி.

விமர்சனம் கேட்டால் மானிடவியலாளர் அனெட் வெய்னர் கைகொடுப்பார். இறப்புச் சடங்குகளில் பெண்கள் பங்கிடும் வாழையிலைக் கட்டுகளும் செல்வம்தான் என்று 1970களில் எழுதியவர் அவர். மாலினோவ்ஸ்கி அதற்கு உரிய இடம் தரவில்லை.

வட அமெரிக்காவின் வடமேற்குக் கடற்கரைப் பழங்குடிகள் செல்வத்தை வாரி வழங்கும் விருந்தான பொட்லாட்சுக்கு ஒரு பத்தி போதும். கனடா அதை 1885 முதல் 1951 வரை சட்டப்படி தடை செய்திருந்ததைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நிலமுடைய குடும்பங்களுக்குச் சேவைச் சாதியினர் வேலை செய்து தானியம் பெறும் ஜஜ்மானி முறை இரண்டாம் தாளுக்கு உரியது. 1936இல் உத்தரப் பிரதேசக் கிராமமான கரிம்பூர் பற்றி எழுதிய வில்லியம் வைசர் அதைப் பரஸ்பர உதவியாகவே பார்த்தார். அங்கேயே நின்றுவிடாமல், நிலம் யார் கையில் இருந்தது என்பதையும் எழுதுங்கள்.